பாலில் நீலம் மறையும் நேரம்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஷோபா மேடம் இன்று லேபுக்குள் வந்ததும் மேசைமேல் இருந்த மேனுவல்களையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "இந்த செமஸ்டர் இது கிடையாது. ரெண்டு ரெண்டு பேரா சேருங்க. கேள்வி உங்களுது, செய்முறையும் உங்களுது. மார்ச் கடைசியில திருப்பதியில மாணவர் ஆய்வுப் போட்டி நடக்குது. நல்லா வந்தா அனுப்பறேன்."

வகுப்பே முழித்தது. மூன்று செமஸ்டராக முழு மதிப்பெண் வாங்கிய ரெக்கார்டு நோட்டு என்னுடையது. எப்படி வாங்கினேன் என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். என்ன விடை வர வேண்டும் என்று மேனுவலில் முதலிலேயே பார்த்துவிடுவேன். அதற்கு ஏற்ற மாதிரி அளவுகளைப் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவேன். விடையே தெரியாத சோதனைக்கு எதைப் பார்த்து எழுதுவது?

எனக்கு ஜோடி கன்னிகா. தினமும் புத்தலப்பட்டிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் வருகிறவள். மைக்ரோபயாலஜி வகுப்பில் ஒன்றரை வருடமாக ஒன்றாக இருக்கிறோம், இதுவரை அவளோடு பத்து வார்த்தை பேசியிருப்பேனா?

பிப்ரவரி 6, வியாழன்

கேள்வி கிடைக்கவில்லை. நான் சொன்ன எல்லாவற்றுக்கும் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் கன்னிகா தானாக வாய் திறந்தாள். அவள் அம்மா லட்சுமம்மாவுக்கு இரண்டு மாடு. ஊர் பால் சென்டரில் காலையிலும் மாலையிலும் ஊற்றுகிறார். ஒரு மாதமாக மாலைப் பால் மட்டும் அடிக்கடி திரும்பி வருகிறது. புளித்த வாசனையாம். சென்டர் நடத்தும் பாலையா, வரிசையில் எல்லோரும் நிற்கும்போதே, "காலைப் பாலை எடுத்து வெச்சி கலக்கறியா?" என்று கேட்டிருக்கிறார். மார்ச் மாதமும் இப்படியே போனால் பால் ஊற்றும் அட்டையையே வாங்கிக்கொள்வாராம்.

"எங்கம்மா அந்த மாதிரி ஆளு இல்ல, தபீதா. ஆனா பால் புளிச்சிப்போவுது, அதுவும் நிஜம்தான். ஏன்னுதான் தெரியல."

எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது. "கன்னிகா, அதுதான் நம்ம கேள்வி" என்றேன்.

முறைக்கு அதிகம் அலையவில்லை. பாலில் மெத்திலீன் புளூ சாயத்தைக் கொஞ்சம் விட்டு, சோதனைக் குழாயை மூடி, உடம்புச் சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும். பாலில் கிருமி பெருகப் பெருக நீலம் போய்ப் பால் வெள்ளையாகிவிடும். சீக்கிரம் வெள்ளையானால் கெட்ட பால். நல்ல பால் மணிக்கணக்கில் நீலமாகவே நிற்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

என் ஊகம் பிளாஸ்டிக் கேன். லட்சுமம்மா கொண்டுபோவது பிளாஸ்டிக் கேனில்தான். அதையும் லேபிலிருந்த ஒரு ஸ்டீல் கேனையும் வைத்து, ஒரே மாட்டுப் பாலை இரண்டிலும் ஊற்றினோம். பிளாஸ்டிக் ஒன்றேகால் மணி நேரத்தில் வெள்ளை. ஸ்டீல் நாலு மணி நேரம் ஆகியும் நீலம்.

நான் அப்போதே முடிவுரையை எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டேன். மேடம் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு கேனுக்கும் வேற என்ன வித்தியாசம்?"

கன்னிகாவுக்குத்தான் முதலில் உறைத்தது. ஸ்டீல் கேனை நாங்கள் இங்கே கொதிநீரில் கழுவினோம். பிளாஸ்டிக் கேன் காலையில் சென்டரில் பால் ஊற்றிவிட்டுக் கொண்டுவந்தபடியே இருந்தது.

ஒரு வாரம் வீண். அடியில் போட்ட கோட்டைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

சண்டை.

இரண்டு கேனையும் ஒரே மாதிரி கொதிநீரில் கழுவி, கேனுக்கு மூன்று குழாய் வைத்தோம். மூன்று மணி நேரம் ஆகியும் ஒன்றுமில்லை. பிறகு பிளாஸ்டிக் கேன் குழாய் ஒன்று வெளுத்த மாதிரி தெரிந்தது. "வெள்ளை, எழுது" என்றேன். கன்னிகா பேனாவை எடுக்கவில்லை.

"அது வெள்ளை இல்ல. வெள்ளையாவணும்னு நீ பாத்துக்கினு இருக்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"கண்ணுல பொய் சொல்ற. உனக்கே தெரியாம."

கோபத்தில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு குழாயும் நீலம். அந்தக் குழாயும்தான்.

பிளாஸ்டிக் மேல் குற்றமில்லை. ஆக, கழுவியதில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் அவள் மட்டும் இல்லையென்றால் இன்று நான் என்ன எழுதியிருப்பேன்?

பிப்ரவரி 21, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு" என்றாள். இனிமேல் ஒருத்தி குழாய்களுக்கு எண் போட்டுப் பட்டியலை ஒளித்துவைப்பது, எது எது என்று தெரியாமல் இன்னொருத்தி பார்த்து நேரம் குறிப்பது. அவள் யோசனை.

மார்ச் 1, சனி

லீவு. முதல் பஸ்ஸில் புத்தலப்பட்டு போனேன். திட்டம் ஒன்றுதான்: கேன் போகும் இடமெல்லாம் நாங்களும் போவது.

லட்சுமம்மா கறந்தது சுத்தமாகத்தான் இருந்தது. மடி கழுவினார், கை கழுவினார். வீடு ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம். அதனால் சென்டருக்குப் போகும்போது வரிசையில் எப்போதும் கடைசி ஆள் அவர்தான். பால் ஊற்றினார். வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. ஊற்றி முடித்தவர்கள் எல்லோரும் அதில் கேனை முக்கி அலசிக்கொண்டு போகிறார்கள். அவரும் அலசினார். ஈரத்தோடு மூடியைப் போட்டு சைக்கிளில் மாட்டினார்.

நானும் கன்னிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொட்டித் தண்ணீர் நீர்மோர் நிறத்தில் இருந்தது.

"மத்தவங்களும் இதுலதானே அலசறாங்க?" என்றேன்.

லட்சுமம்மா, "அவங்கெல்லாம் பக்கத்துலயே வூடு. போயி கெணத்துத் தண்ணில இன்னொரு தபா கழுவிக்குவாங்கோ. பொங்கல்லேர்ந்து நெலத்துல வேலை, நான் இப்படியே கொல்லிக்குப் போவணுமே" என்றார். நிலத்து வேலை முடியும்வரை மூடிய கேன் வரப்பில் வெயிலில் கிடக்கிறது. மாலை அதிலேயே கறக்கிறார். இரவு வீட்டில் கழுவிவிடுவதால் காலைப் பாலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

திரும்பும் வழியில் கன்னிகா சொன்னாள்: "சின்ன வயசுலேர்ந்து தினம் பாக்கறதுதான். பாத்ததே இல்ல."

மார்ச் 6, வியாழன்

நேற்று விடிகாலை தொட்டித் தண்ணீரை மூன்று தடவை எடுத்து வந்தாள். முதல் ஆள் அலசுவதற்கு முன், பாதி வரிசையில், கடைசியில். ஒரே மாட்டுப் பாலில் ஒரே அளவு கலந்தோம். தண்ணீர் கலக்காத பாலும், காய்ச்சி ஆற்றிய தண்ணீர் கலந்த பாலும் ஒப்பிட. நேற்று அவள் எண் போட்டாள், நான் பார்த்தேன். இன்று புதுத் தண்ணீர், நான் எண் போட்டேன், அவள் பார்த்தாள்.

கடைசித் தண்ணீர் முதலில் வெள்ளை. பிறகு பாதி வரிசைத் தண்ணீர். முதல் தண்ணீரும் மற்ற இரண்டும் சாயங்காலம்வரை நீலம். இரண்டு நாளும் அதே வரிசை.

என் வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன வரும் என்று தெரியாமல் ஒரு அளவை எழுதினேன்.

மார்ச் 8, சனி

பாலையாவிடம் போனோம். நோட்டைக் காட்டினோம். அவர் தெலுங்கில்தான் பேசினார். கன்னிகா அதிலேயே பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தவரை இதுதான்: "பன்னெண்டு வருஷமா இந்தத் தொட்டி இருக்கு, ஒருத்தரும் குறை சொன்னதில்ல. நீங்களே கலர் ஊத்தி, நீங்களே பாத்து, உங்கம்மா மேல தப்பில்லன்னு நீங்களே எழுதிட்டு வந்தா நான் நம்பணுமா?"

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. அவர் கேட்டது நியாயம். ரொம்ப நியாயம். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கன்னிகா எழுந்து திரும்ப நடந்தாள். பத்து நிமிடத்தில் வந்தாள். "நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை. சென்டர்லயே. எல்லாம் அவரு கையால. நாம தொடக்கூடாதுன்னு நானே சொல்லிட்டேன்."

மார்ச் 15, சனி

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அப்பா, எங்கள் நைனா, சர்ச் கொயரில் பாடுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அந்தம்மா மேல போட்ட பழி பொய்யின்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"எனக்குத் தெரியும் நைனா. அவங்களுக்குத் தெரியணும்."

"நாளைக்கு வேற மாதிரி வந்தா?"

"வந்தா, வந்ததை அவங்க முன்னாடியே சொல்லிட்டு வருவேன்."

"அப்போ போய்ட்டு வா" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒரே மாதிரி நாலு புதுக் கேன். நேற்று மாலை வரிசை முடிந்ததும் பாலையா இரண்டைத் தன் கையால் தொட்டியில் அலசி, இரண்டைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, மூடி, தன் அறையிலேயே பூட்டி வைத்தார். கேன்களுக்கு 1 முதல் 4 வரை எண் போட்டு, எது எது என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சீட்டைக் கண்ணால்கூட நாங்கள் பார்க்கவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு ஒரே மாட்டின் பாலை நாலு கேனிலும் அவரே ஊற்றினார். ஒரு மணி நேரம் விட்டுக் குழாய்களில் எடுத்து, சாயம் விட்டு, அந்தந்தக் கேனின் எண்ணை ஒட்டினார். பெரிய அலுமினிய அண்டாவில் வெந்நீர், அதில் தெர்மாமீட்டர். சூடு குறையாமல் வெந்நீர் ஊற்றுவது மட்டும் எங்கள் வேலை. பால் ஊற்ற வந்த பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லட்சுமம்மா தூரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றார், கிட்டவே வரவில்லை.

எட்டு மணி. நாலும் நீலம். எட்டரை. நாலும் நீலம். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கன்னிகா தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு ஒரு பெண்தான் முதலில் பார்த்தார். "மூணாவது வெளுக்குது." பாலையா குனிந்தார். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒன்றாவது குழாயும் வெள்ளையானது. இரண்டாவதும் நாலாவதும் அப்படியே நின்றன. பதினோரு மணிவரை காத்திருந்தோம். அப்போதும் நீலம்.

"சீட்டை எடுங்க" என்றாள் கன்னிகா.

எடுத்தார். படித்தார். சத்தமாகப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவராகவே படித்தார். "ஒண்ணு, தொட்டி. ரெண்டு, காச்சின தண்ணி. மூணு, தொட்டி. நாலு, காச்சின தண்ணி."

பாலையா வேப்ப மரத்தடிக்கு நடந்தார். "லட்சுமம்மா, அன்னிக்கு நாலு பேர் முன்னாடி சொன்னேன். இன்னிக்கும் நாலு பேர் முன்னாடிதான் சொல்றேன். தப்பு தொட்டியோடது." பிறகு தொட்டியின் அடியில் இருந்த அடைப்பை அவரே பிடுங்கினார். தண்ணீர் தெருவில் வெள்ளையாக ஓடியது.

லட்சுமம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்களிடம் ஒரே வார்த்தைதான்: "முதல்ல துன்னுங்க." மூன்று இட்லிக்குமேல் முடியாது என்றேன். ஏழு வைத்தார். ஏழும் தின்றேன்.

மார்ச் 19, புதன்

தொட்டி இருந்த இடத்தில் குழாய் போட்டாகிவிட்டதாம். ஓடும் தண்ணீர்.

மார்ச் 29, சனி

திருப்பதி. முப்பத்தொரு அணி. பக்கத்து மேசைகளில் கம்ப்யூட்டரும் பளபளக்கும் கருவிகளும். எங்களிடம் ஒரு சார்ட்டும் எட்டுக் குழாய்களும்.

நேற்று வரை எனக்கும் கன்னிகாவுக்கும் வாக்குவாதம். பிப்ரவரி 13 சோதனையைச் சார்ட்டில் போட வேண்டாம் என்றேன். போட்டே ஆக வேண்டும் என்றாள். போட்டோம்.

நடுவர் அம்மா சரியாக அங்கேதான் விரலை வைத்தார். "இது தப்பான சோதனைதானே? ஏன் ஒட்டியிருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னிகா சொன்னாள்: "இதைக் கிழிச்சிட்டா, அடுத்ததை ஏன் செஞ்சோம்னு உங்களுக்குத் தெரியாது மேடம்."

அவர் கையிலிருந்த தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்து எங்கள் மேசைமுன் உட்கார்ந்தார். இருபது நிமிடம். பாலையா கேட்ட கேள்வியை நான் சொன்னபோது, "உங்க குழுவுல மூணாவது ஆள் அவர்தான்" என்றார்.

முதல் பரிசு. பேர் கூப்பிட்டபோது ஷோபா மேடம் எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் சித்தூர் கல்லூரிப் பேரை அந்த மைக்கில் கேட்க எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. பஸ் சந்திரகிரி தாண்டும்வரை கோப்பையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டோம். புத்தலப்பட்டில் கன்னிகா அதோடு இறங்கினாள். கோப்பை முதலில் அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அடுத்த வருடமும் மேனுவல் அலமாரி பூட்டியே இருக்குமாம். ஜூனியர்கள் எங்களைத் திட்டுகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

கன்னிகா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மாட்டின் முன்னால் மட்டும் பருத்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்கு வழக்கமான தவிடு. தூணில் ஒரு காலண்டர், அதில் தினமும் கறந்த பாலின் அளவுக்குக் கரியால் கோடுகள். ஒரு மாட்டுக்கு மேலே, ஒரு மாட்டுக்குக் கீழே.

"இன்னா ஆயிடுச்சின்னா, கொட்டை போட்டா பால் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்கோ. ஏறுதான்னு பாக்கறேன்" என்றார் லட்சுமம்மா.

கன்னிகா என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"பதினஞ்சு நாள் ஆனதும் மாத்திப் போட்டுடுவேன். இதுக்குத் தவிடு, அதுக்குக் கொட்டை" என்றார். "இல்லன்னா, மாட்டோட குணமா தீனியோட குணமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"