குடிப்பதற்கு முன்னால்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. இன்று எச்.ஐ.வி. ஆலோசனைக்காக என் எதிரே உட்கார்ந்திருந்தவர் சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டுபவர். "அந்தப் பொண்ணுகிட்ட போறப்ப, போதையில இன்னா பண்றேன்னே தெரியலைங்க மேடம். ஆணுறைலாம் எங்க ஞாபகம் வருது?"

"அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணது குடிக்கறதுக்கு முன்னாலயா, அப்பறமா?"

"முன்னாலதாங்க. குடிக்காம போனா வூட்டு ஞாபகம் வந்துடுதுங்க."

தெரிந்துதான் போயிருக்கிறார். உறுத்தாமல் இருக்கத்தான் குடித்திருக்கிறார்.

பரிசோதனையில் பாசிட்டிவ். வெளியே பெஞ்சில் மாசமாக இருக்கும் மனைவி. மருந்து கொடுத்து வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அவர் சம்மதமில்லாமல் அவளிடம் நானாகச் சொல்லக்கூடாது. "இன்னிக்கே சொல்லி, நாளைக்கு டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கினு வரேங்க" என்றார். நம்பி அனுப்பிவிட்டேன்.

வீட்டை மறக்கக் குடித்த மனிதர். இன்று அந்த வீட்டில் போய் வாயைத் திறக்க வேண்டும். இந்நேரம் குடித்திருப்பார்.