பிரேக்கில் குறை இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் தாளில் ஆரம்பித்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இது இரண்டாவது தாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அத்தான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாத நேரம் பார்த்து நானாக இரண்டு முறை கூப்பிட்டேன். "என்னடா, சாப்ட்டியா?" என்று உன் குரல் கேட்டதும் வாய் வேறு எதையோ பேசிவிட்டது. உன்னோடு வேலை செய்கிறவரின் தம்பி நாளை மறுநாள் விமானம் ஏறி அங்கே வருகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் திரும்பி வாங்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் மகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அதை அவளே சொல்லியிருப்பாள். அடுப்படிக் குழாய் ஒழுகியதைச் சரி செய்துவிட்டேன்.

இனி வண்டி விஷயம். மூன்று மாதமாகவே அத்தான், "வண்டி நிக்க மாட்டேங்குதுடா, மிதிச்சா வழுக்கிட்டே போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பட்டறையில் வைத்து பிரேக் லைனிங் மாற்றினேன், ஆயில் மாற்றினேன். ஒரு நாள் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பேக்கரி வாசலில் கேட்டைப் போய் இடித்துவிட்டார். முன் அச்சே லேசாக வளைந்துவிட்டது. பின்னாலிருந்த ரொட்டித் தட்டுகள் எல்லாம் கேபின் மேல் வந்து கவிழ்ந்தன. பேக்கரிக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பொறுக்கினார்.

பழைய இரும்புக் கடையில் அதே கம்பெனி பிக்கப் ஒன்று கிடந்தது. நம் வண்டியைவிடப் பத்து வருடம் இளையது. பின்பக்கம் நசுங்கிப் போயிருந்தாலும் முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. நம்முடையது பழைய டிரம் பிரேக், அது டிஸ்க் பிரேக். முன்பாகத்தை அப்படியே கழற்றி இதில் மாட்டினால் வண்டி புதுப் பிறவி எடுக்கும் என்று அத்தானிடம் நான்தான் பெருமையடித்தேன். சக்கரத்தைத் தாங்கும் கை, மூட்டு, டிஸ்க், பிரேக் ஆயில் சிலிண்டர் வரை அத்தனையும் மாற்றினேன். ஸ்டியரிங் கம்பியின் முனை மட்டும் அளவு சேராமல் இரண்டு நாள் என்னை அழ வைத்தது. கடைசியில் பார்த்தால் முன் சக்கரத்துக்கு ஆறு போல்ட், பின் சக்கரத்துக்கு ஐந்து. "ஸ்டெப்னியே ரெண்டு வச்சுக்கணும் போல. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதான்" என்று அத்தான் சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே, அவர் சொன்னதை எழுதினேன்.

மாட்டி முடித்தபின் பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தில் இருக்கும் திருகைத் திறக்க வேண்டும். அத்தான் உள்ளே உட்கார்ந்தார். "மிதிச்சாச்சா?" என்றேன். "மிதிச்சுட்டேன்டா" என்றார். திருகைத் திறந்தேன். ஒரு சொட்டு ஆயில் வரவில்லை. சிலிண்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிரித்துக் கழுவி மாட்டினேன். மறுபடியும் வரவில்லை. அன்று முழுவதும் குறையை வண்டியிலேயே தேடினேன் அக்கா. மூன்றாவது தடவை அவர் "மிதிச்சுட்டேன்" என்றபோது எழுந்து போய்க் கதவு வழியாகப் பார்த்தேன்.

கழுத்து நரம்பு புடைக்க மிதித்துக்கொண்டிருந்தார். பாதம் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது.

அவர் இறங்கிப் பட்டறை மேசைப் பக்கம் நடந்து வந்தார். வலது செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. தரையில் நான் போட்டிருந்த ஒரு கம்பிக் கிளிப் அவர் குதிகாலில் ஏறியிருந்தது. அவர் வந்த வழியெல்லாம் ரத்தப் பொட்டு. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "யாருக்குடா அடிபட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரை காலின் நரம்பைத் தின்றுவிட்டது, போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காட்ட சொல்லிடாதடா. ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. தெரிஞ்சா பாதியில விட்டுட்டு வந்துடுவா" என்றார். சரி என்றேன். சாவியைக் கேட்டேன். "பிரேக்தான் இப்ப நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்று பையில் போட்டுக்கொண்டார்.

நான் பிடுங்கியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை.

நான்காம் நாள் காலையில் உன் மகளைக் கல்லூரியில் விடப் போயிருக்கிறார். வழியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். வண்டி நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த உன் மகள்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவள் கல்லூரிக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்து, "நீங்க எதாவது செய்யுங்க மாமா" என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று மாலையே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்து, முன் சக்கரங்களைக் கழற்றி, கட்டை மேல் ஏற்றிவிட்டேன். பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். இன்றோடு பதினொரு நாள். தினமும் காலையில் நடந்து வந்து பழைய டயர் மேல் உட்கார்கிறார். "வந்துச்சா?" என்கிறார். "இன்னும் வரலை அத்தான்" என்கிறேன். பேக்கரிக்காரர் வேறு வண்டி வைத்துவிட்டார். அதை அத்தானிடம் சொல்லவும் எனக்குத்தான் வாய்த்தது.

நேற்று நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கழற்றி வைத்த பிரேக்கை அத்தான் கையில் வைத்திருந்தார். விரலை உள்ளே விட்டு ரப்பர் வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். அது புதுசு போல இருப்பது அவருக்குத் தெரியாதா? மெதுவாக மேசையில் வைத்தார், கையைத் துடைத்தார், டீயை வாங்கிக்கொண்டார். பாதி குடித்தபின், "பார்ட்ஸ் வர்றப்ப வரட்டும்டா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

நான் கீழே குனிந்து எதையோ தேடுவது போல இருந்துவிட்டேன்.

எத்தனை நாள் இப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை அக்கா. சக்கரத்தை மாட்டி வண்டியைக் கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. நீ வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. வாக்கு கொடுத்துவிட்டு மீறுகிறேன், அதற்கு நீயே அவரிடம் எனக்காகப் பேசு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வண்டி என்ன ஆச்சு என்று கேட்காதே. கால் எப்படி இருக்கு என்று கேள். என்னிடம் மழுப்புவார். உன்னிடம் அவருக்குப் பொய் வராது.

நீயும் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவள். படுக்கும் முன் உன் பாதங்களையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள் அக்கா. உணர்ச்சி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் தம்பி