தொழில் என்ற இடம்

பிருந்தாவுக்கு,

தச்சநல்லூர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த உன் ஜாதகக் குறிப்பில், தொழில் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்று நான்தான் எழுதினேன்.

நேற்று மாப்பிள்ளையின் அப்பா போனை நீட்டினார். "அண்ணாச்சி, ஜெர்மனியில ஒரு புள்ள பியானோ வாசிக்கா. நூத்தம்பது வருசமா எல்லாரும் மறந்துபோன இசையாம், கான்செர்டோன்னு போட்டிருக்கு. நம்ம பிருந்தா மாதிரியே இருக்கால்லா?"

"அது வேற புள்ள" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை முழுவதும் கேட்டேன். மூன்று வருடம் நூலகம் நூலகமாக அலைந்து நீ தேடி எடுத்த இசையாம், வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தது. என்னிடம் சொல்லவே இல்லையே என்று கோபம் வந்தது. போன தீபாவளிக்கு நீ சொல்ல வந்தபோது டிவி சத்தத்தைக் கூட்டியது பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்று காலையில் போய்க் குறிப்பைத் திருப்பி வாங்கிவிட்டேன். அந்த இடத்தை அடித்துவிட்டேன். அங்கே என்ன எழுத வேண்டும் என்று சொல், அம்மா.

அப்பா