உறை வாயில் மாட்டிய தகடு

நேற்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து உங்கள் ரிவால்வரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் உங்கள் பேரில் இருந்தது. நீங்கள் போன பிறகு அது இந்த வீட்டில் இருக்கக் கூடாதாம். ஏட்டு தோலுறையை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உறைக்கு லைசென்ஸ் வேண்டாங்கம்மா, இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றார். மூக்கருகே கொண்டுபோனேன். தோலும் துப்பாக்கி எண்ணெயும் உங்கள் வேர்வையும் கலந்த வாசம். எழவுக்கு வந்தவர்கள் முன்னால் முறைக்கு அழுதேன். நேற்றுதான் நிஜமாக அழுதேன்.

பல்லடம் பக்கம் பருத்தி வாங்கப் போன உங்கள் கூட்டாளியை ஒருவன் வழிமறித்து வெட்டினான். முதுகில் சொருகியிருந்த அரிவாளைத் தோளுக்கு மேலாக உருவினானாம். அதற்குப் பிறகு, துப்பாக்கி இல்லாமல் நீங்கள் வண்டி பூட்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். கலெக்டர் ஆபீசுக்கு நீங்கள் நடந்த நடைக்கெல்லாம் நான்தான் காரணம்.

மதராஸ் கடைக்கு என்னையும் கூட்டிப்போனீர்கள். பெண்பிள்ளை உள்ளே வந்ததைப் பார்த்துக் கடைக்காரருக்கு முகம் கோணியது. இரண்டு ரிவால்வர்களை மேசையில் வைத்தார். ஒன்று குட்டைக் குழல், எங்கும் மாட்டாதபடி வழுவழுவென்று இருந்தது. மற்றது நீளக் குழல். குறி பார்ப்பதற்கு நுனியில் ஒரு தகடு நிமிர்ந்து நின்றது. மறைத்து வைக்கக் குட்டைதான் நல்லது, ஆபத்து வருவது நாலடி தூரத்தில், அங்கே குறி பார்க்க ஏது நேரம் என்று அவர் சொன்னார். நீங்கள் கேட்டால்தானே. நீளத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

வாங்கி வந்த பிறகுதான் வம்பு. உறைகள் எல்லாம் கால்சட்டைக்காரர்களுக்காகத் தைத்தவை. வேட்டி இடுப்பில் சொருகினால் கனத்தில் வேட்டியே இறங்கிவிடும். கோட்டுப் பையில் போட்டால் பலாக்காய் போலப் புடைக்கும். கடைசியில் நீங்கள் கட்டும் அகலத் தோல் பெல்ட்டில், வலது பக்கம் வேட்டிக்கு உள்ளே தொங்கும்படி ஓர் உறை தைக்கச் சொன்னோம். மேலே கோட்டுப் போட்டால் ஒன்றும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் உருவிப் பார்ப்பீர்கள், நான் எதிரில் நின்று பார்ப்பேன். பத்துத் தடவையில் நாலு தடவை அந்தத் தகடு உறை வாயில் மாட்டும்.

"ஏனுங்க, அதை அரத்துல தேச்சுப் போடுங்க" என்றேன்.

"குறி இல்லாத துப்பாக்கி எதுக்கு அம்மணி, குழவிக்கல்லைக் கட்டீட்டுப் போலாமே" என்றீர்கள்.

மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. மில் பட்டறையில் கொடுத்துத் தேய்க்கிறேன் என்று பிறகு ஒப்புக்கொண்டீர்கள். ஒப்புக்கொண்டதோடு சரி, அந்தப் பருத்திக் காலம் முழுக்கத் தகடோடுதான் கட்டிக்கொண்டு போனீர்கள்.

மாசி மாதம் ஒருநாள், பொழுது சாயும் நேரம். இருபுறமும் கிளுவை வேலி நெருக்கும் இட்டேரித் தடத்தில் வண்டியைத் தனியாக ஓட்டி வந்தீர்கள். எதிர்வெயிலில் கண் கூசியது. வேலிச் சந்திலிருந்து ஒருவன் குறுக்கே வந்து நின்றான். அவன் கை சட்டென்று தோளுக்குப் போனது. உங்கள் கை கோட்டுக்குள் போனது. இழுத்தீர்கள், தகடு மாட்டியது. மறுபடி இழுத்தீர்கள், வரவில்லை. அதற்குள் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றான்.

"சாமி, மாரனுங்க. ஊட்ல பொம்பளை ரெண்டு நாளா வலியில கெடக்கறாளுங்க. வண்டி குடுத்தீங்கன்னா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருவனுங்க."

பக்கத்துத் தோட்டத்துப் பண்ணையாள் மாரன். நம்மைப் போன்றவர்களைக் கண்டால் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்ட வேண்டும் என்று ஊர் அவனைப் பழக்கி வைத்திருந்தது. உங்களுக்கு மரியாதை செய்யத்தான் அந்தக் கை தோளுக்குப் போனது. நீங்கள் வண்டியைத் திருப்பி, அவனைப் பக்கத்தில் ஏற்றி, அவன் வீட்டில் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஆசுபத்திரிக்கு நீங்களே ஓட்டிப் போனீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் வீடு வந்து பெல்ட்டை அவிழ்த்தீர்கள். "நீ சொன்னாப்பல தேச்சிருந்தா, நேத்து ஒரு பொணம் உழுந்திருக்கும் அம்மணி" என்றீர்கள். "அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். ரிவால்வர் பீரோவுக்குள் போனது. கட்டிக்கொண்டு போங்கள் என்று நானும் பிறகு சொல்லவில்லை.

அதன்பின் மாரனை எங்கே கண்டாலும் "எம் முன்னால துண்டை எறக்காதே" என்றீர்கள். மற்ற ஆட்களிடமும் அதையே சொன்னீர்கள். நீங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஊரே பேசியது. என் அண்ணன் வேலை மெனக்கெட்டுச் சத்தியமங்கலத்திலிருந்து புத்தி சொல்ல வந்தார். கட்சியுமில்லை, கொள்கையுமில்லை, ஒரு கை தோளுக்குப் போனால் உங்களுக்கு அந்த இட்டேரி ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அதை நான் யாரிடம் சொல்வது?

இப்போது நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காரியம் முடிந்த மறுநாள் மாரன் புழக்கடைப் பக்கம் வந்து நின்று அழுதான். உங்களுக்காக அப்படி அழுத ஒருவனிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அன்று நடந்ததைச் சொன்னேன்.

"தெரியுமுங்க அம்மணி" என்றான். "கோட்டுக்குள்ள கை போனதும், ரெண்டு வாட்டி இழுத்ததும் பாத்தனுங்க."

"அப்பறம் எதுக்கு வண்டீல ஏறுனே?"

"வேற வண்டி இல்லீங்களே. அவ வலியில கெடந்தாளுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா சாமி மனசு ஒடஞ்சுபோவாருங்க. அதான் சொல்லலீங்க."

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆசுபத்திரி வரைக்கும் உங்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தான். இத்தனை வருஷம் நீங்கள் அவனைப் பார்க்கக் கூசிக் கூசி நடந்திருக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் பங்குக் குற்றம்தான் இன்னும் தீரவில்லை. மதராஸ் கடையில் அந்தத் துப்பாக்கியை நானும்தான் கையில் வாங்கிப் பார்த்தேன். கனம் சரியா, உங்கள் கைக்கு அடங்குமா, கோட்டுக்குள் மறையுமா என்று எல்லாம் பார்த்தேன். எதிரில் நிற்கப்போகிறவன் யார் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.