மூன்றாவது உள்ளீடு

மேலகரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புத் தோழி ரூபிக்கு ஹஃப்சா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் பின்லாந்தில் இந்த மாதம் இருட்டவே இருட்டாதாமே, தூக்கம் வருகிறதா? இங்கே சாரல் இன்னும் பிடிக்கவில்லை. வெயில்தான் அடிக்கிறது. குற்றாலம் ரோட்டில் பழக்கடைகள் மட்டும் போட்டுவிட்டார்கள். அருவிப் பக்கம் நான் போவதில்லை.

நம் கட்டுரை பற்றிய உன் மெயில் கிடைத்தது. பதிலை மெயிலில் எழுத மனம் வரவில்லை. ஆய்விதழுக்கு அனுப்ப, எழுதிய மூவரும் கையெழுத்திட வேண்டும், உமாதேவியால் முடியாது, ஆகவே இறப்புச் சான்றிதழ் வாங்கி ‘மறைந்த’ என்று போடலாம், இல்லாவிட்டால் பெயரையே எடுத்துவிடலாம் என்கிறாய். எடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் போன ஐப்பசி வெள்ளம் அவளை அருவியிலிருந்து இழுத்துப்போனபின் உடல் கிடைக்கவே இல்லையே. அவள் அம்மா லோகநாயகி அத்தை இன்றுவரை சான்றிதழுக்கு மனுப் போடவில்லை.

சரி, அவள் செய்த பகுதி இல்லாமல் நம் கட்டுரையின் மின்சுற்று எப்படி இருக்கும் என்று லேப் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்தேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. அதில் கம்பியில்லை, மின்னோட்டமில்லை. செல் என்கிற குட்டிச் சதுரம் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு எலக்ட்ரான்கள் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருக்கும். அவை உட்கார்ந்த விதத்துக்கு ஏற்பப் பக்கத்துச் செல்லில் இருப்பவை இடம் மாறி உட்காரும். அதனால்தான் அதற்கு இத்தனை குறைந்த மின்சக்தி போதும். நடுவில் இருக்கும் வாயிலுக்கு மூன்று உள்ளீடுகள். உன்னுடையது, என்னுடையது, உமாவுடையது. ஒன்றோ பூஜ்யமோ, மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதுதான் விடை.

உமாவுடையதை அழித்தேன். உன்னுடையதை ஒன்று என்றும் என்னுடையதைப் பூஜ்யம் என்றும் வைத்தேன். விடை எந்தப் பக்கமும் சாயாமல் தொங்க வேண்டும். அது உறுதியாகப் பூஜ்யத்தில் நின்றது. மாற்றி வைத்தேன், ஒன்றில் நின்றது. என் பக்கம் ஏதோ செல் நெருங்கியிருக்கிறது என்று நினைத்து நம் இருவர் இடத்தையும் மாற்றினேன். வேறு கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்தும் பார்த்தேன். எப்படி வைத்தாலும் விடை என் பக்கமே வருகிறது, ரூபி. மூன்றாவதாக யாரோ என்னோடு சேர்கிறார்கள்.

அப்போது பட்டப்பகல். லேபைத் துடைத்துக்கொண்டிருந்த மணிமுத்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “மேடம், உமா மேடம் சீட்டுக்குக் கீழ மட்டும் தண்ணி நிக்குது. தொடைச்சா மறுபடியும் வருது. கூரை ஒழுகலியே?” என்றார். குனிந்து தொட்டேன். விரல் மரத்துப்போகிற குளிர்ச்சி. அருவித் தண்ணீரின் பச்சிலை வாசம்.

மறுநாள் சான்றிதழ் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். கட்டுரை பற்றி அவரிடமோ வேறு யாரிடமோ நான் பேசியதில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பிறகு அவராகவே சொன்னார்: “ஏட்டி ஹஃப்சா, உமா தினமும் வாரா. தலையத் துவட்டாம வந்து நிக்கா. ‘பேர எடுத்துட்டா நான் எங்கனம்மா போயி உக்காருவேன்’னு கேக்கா. எந்தப் பேருன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?”

பையைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று பெயரோடுதான் கட்டுரையை அனுப்பப் போகிறேன். இதழ்காரர்கள் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். நீயும் சம்மதம் என்று ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.

இன்னொன்று. உன் வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது என்றாயே. தனியாக அதில் இறங்காதே. தெரிந்த குரல் உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கரையிலேயே நில். உன் கர்த்தரும் என் அல்லாஹ்வும் உன்னைக் காக்கட்டும்.

பிரியமுள்ள,
ஹஃப்சா