எருமப்பட்டியில் எல்லோரும் நலம்

மார்ச் 3, திங்கள்

எருமப்பட்டிக் கோழிப்பண்ணைப் பேரரசின் ஏக சக்கரவர்த்தி நவநீதகிருஷ்ணனாகிய நான், தீவனக் கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த இந்த டைரியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இனி இதில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் மனைவி கமலவேணி கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

இன்று காலை என் அக்கா மகள் மைதிலி சேலத்திலிருந்து வந்து இறங்கினாள். டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு ஆராய்ச்சி வேலை. ஒரு மாதம் நம் வீட்டில்தான் தங்கல். பேருந்து நிலையத்துக்கு யானை அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். யானை கிடைக்காததால் டிவிஎஸ் வண்டியில் நானே போனேன்.

“என்ன ஆராய்ச்சி கண்ணு?”

“மனநலமும் மீள்திறனும் மாமா. பெரிய அடி விழுந்தவங்க மனசளவுல எப்படித் திரும்ப எந்திரிக்கறாங்கன்னு பாக்கறது. போன கோடையில வெக்கைக்குக் கோழி செத்துச்சில்லீங்களா, அந்தப் பண்ணைக்காரங்ககிட்டப் பேசணும்.”

“அவ்வளவுதானா? நாளைக்கே ஆயிரம் பேரைக் கூட்டியாந்து நிறுத்தறேன் சாமி!”

“ஒரு பதினஞ்சு பேர் போதுமுங்க.”

பெண்ணுக்கு லட்சியம் சின்னது. போகப் போகச் சரியாகும்.

மார்ச் 5, புதன்

முதல் பேட்டி சென்னிமலை வீட்டில். சின்ன வயதிலிருந்து எனக்குக் கூட்டாளி. போன மே மாதம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் படுத்து, மத்தியான வெயிலில் பாதி ஷெட் கோழியைப் பறிகொடுத்தவன். நல்ல ஆளாகப் பிடித்துக் கொடுத்தோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அவன் வேட்டி மாற்றி, திருநீறு பூசி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தான். எதிரே மைதிலி. நடுவில் முறுக்குத் தட்டு, மோர், அவளுடைய குரல் பதியும் கருவி.

“போன கோடைக்கு அப்புறம் உங்க மனசு எப்படி இருக்குதுங்க?”

“நல்லா இருக்குதுங்க சாமி.”

“தூக்கம்?”

“நல்லாத் தூங்கறனுங்க.”

“கோழியெல்லாம் போனப்ப வருத்தமா இருந்திருக்குமே?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முறுக்கு எடுத்துக்கங்க சாமி.”

மணிக்கணக்கில் உட்கார்ந்தோம். தேறியது முறுக்கு மட்டுமே.

மார்ச் 8, சனி

ரங்கன்: நல்லா இருக்கறனுங்க. மாதேஷ்: ஒரு குறையுமில்லீங்க. மேற்கால பண்ணை, கிழக்கால பண்ணை, எல்லா இடத்திலும் இதே பாட்டு. மைதிலியின் கேள்வித்தாளில் எல்லோரும் நூற்றுக்கு நூறு. இந்தக் கணக்கு வெளியே தெரிந்தால் உலகத்துத் துக்கக்காரர்கள் எல்லாம் எருமப்பட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், இடம் பத்தாது.

எனக்குக் காரணம் தெரியும். ஊருக்கு வந்த பெண்பிள்ளை, அதுவும் நம் வீட்டு மருமகள் முறை. அவளை எதிரில் உட்கார வைத்து, தின்னக் கொடுத்துவிட்டு, என் குடி முழுகிப் போச்சு என்று எவன் சொல்லுவான்? அது மரியாதையா?

மார்ச் 9, ஞாயிறு

மைதிலி போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், காது தானாகத் திறந்திருந்தது.

அவளுடைய பேராசிரியை சண்முகப்பிரியா சொல்லிவிட்டாராம்: மாதக் கடைசியில் குழு கூடுகிறது. அதற்குள் உருப்படியான பேட்டிகள் வராவிட்டால் இந்த ஆய்வை இத்தோடு மூடிவிட்டு வேறொருவரின் ஆய்வில் இவளை உதவியாளாகப் போட்டுவிடுவார்கள். இது அவளாக யோசித்து, அவளாக எழுதிக் கேட்டு வாங்கிய முதல் ஆய்வு.

ராத்திரி இரண்டே இட்லியோடு எழுந்துவிட்டாள். எங்கள் வம்சத்தில் இரண்டு இட்லி என்பது காய்ச்சலுக்குச் சாப்பிடுவது.

இனியும் சக்கரவர்த்தி சும்மா இருக்கலாமா?

மார்ச் 10, திங்கள்

தீவன மில்லுக்குப் பக்கத்து டீக்கடையில் மகாசபை கூட்டினேன். சென்னிமலை, ரங்கன், மாதேஷ். போண்டா என் செலவு.

“மானத்தை வாங்கிட்டீங்களேடா! புள்ளை வேலை போகப் பார்க்குது. மறுபடி ஒருக்கா வரும். இந்தத் தடவை துக்கமாப் பேசணும்.”

“துக்கமான்னா எப்படி மாப்ள?” என்றான் சென்னிமலை.

“நான் சொல்லித் தாரேன்.”

உலகத்தில் இதுவரை யாரும் நடத்தாத துக்கப் பள்ளிக்கூடத்தை நான் நடத்தினேன். செத்த கோழிகளெல்லாம் வெள்ளைச் சேலை கட்டிக் கனவில் வரிசையாக வந்து கணக்குக் கேட்பது. முட்டையைக் கண்டாலே கை நடுங்குவது. சேவல் கூவினால் மாரடைப்பு மாதிரி வருவது. நடுவில், காலையில் எழுந்ததும் பழக்க தோஷத்தில் தீவனம் கலக்கப் போய், கலந்து முடித்த பிறகுதான் தின்னக் கோழியில்லை என்று ஞாபகம் வருவது. இப்படி ஆளுக்கு மூன்று நான்கு துக்கம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவிழ்த்துவிட்டேன்.

ரங்கன் அந்தச் சேவல் மாரடைப்பை நடித்துக் காட்டினான். டீக்கடைக்காரர் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். அபாரம்!

மார்ச் 12, புதன்

மைதிலியின் முகத்தில் வெளிச்சம். “மாமா, மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க!” நாலு இட்லி. கமலவேணி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மார்ச் 13, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மைதிலி காதில் ஒயரை மாட்டி, பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கம்பீரமாக உலாத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒயரைக் கழற்றினாள்.

“மாமா, இப்படி வந்து உக்காருங்க.”

குரலே சரியில்லை.

“சென்னிமலை மாமா தினமும் காலைல காலி ஷெட்டுக்குத் தீவனம் கலக்கினாராம். அவர் ஷெட்டுல பாதிக் கோழி உசுரோட இருந்துச்சுங்களே?”

“அது... மீதிப் பாதிக்கு...”

“ரங்கண்ணனும் தீவனம் கலக்கினாராம். அவர் தீவனத்தை மில்லுல கலந்ததா வாங்கறவரு. மாதேசண்ணனும் கலக்கினாராம். ‘கலந்து முடிச்சப்புறந்தான் தின்னக் கோழியில்லைன்னு ஞாபகம் வந்துச்சு’, மூணு பேரும் ஒரே வார்த்தைங்க மாமா. ஒரு எழுத்து மாறலை.”

படுபாவிகள்! வெள்ளைச் சேலைக் கோழி, முட்டை நடுக்கம் எல்லாம் எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கினேன். அத்தனையும் விட்டுவிட்டு மூன்று பேரும் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டான்கள்.

“உனக்கோசரந்தான் கண்ணு...”

“எனக்கு வேணும்னா நானே பொய் எழுதிக்க மாட்டனா? இதுக்கு எதுக்கு ஊர் ஊரா அலையறேன்?” கண் கலங்கிவிட்டது. “இனி நெசமாவே யாராவது சொன்னாலும் இது யாரு சொல்லிக் குடுத்ததோன்னு தானுங்களே எனக்குத் தோணும்?”

சக்கரவர்த்தி எழுந்து கோழிக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

மைதிலி என்னிடம் பேசவில்லை. “அத்தை, மாமாவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க.” அத்தை மொழிபெயர்த்தாள்.

மார்ச் 15, சனி

சென்னிமலைக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன்.

“ஏன்டா, சேவல் மாரடைப்பைச் சொன்னா என்ன?”

“மறந்து போச்சு மாப்ள. எல்லாம் மறந்து போச்சு. அந்தத் தீவனம் மட்டுந்தான் மண்டையில நின்னுது” என்றவன், “அது கெடக்குது. ஹோலிக்குன்னு பீகார்ப் பசங்க அத்தனை பேரும் ஊருக்குப் போயிட்டானுங்க. திங்கக்கெழமை முட்டை லாரி வருது. நானும் என்ற ஊட்டுக்காரியும் ரெண்டே பேரு. நீ வாரியா?”

எனக்கு இங்கேயே இதே கதி. என் ஷெட்டிலும் ஆள் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த மைதிலி கமலவேணியிடம், “அத்தை, நான் போறேன். அவருகிட்ட மன்னிப்பும் கேக்கணும், அந்தப் பதிவைக் கணக்குல சேக்க மாட்டேன்னு சொல்லவும் வேணும்” என்றாள். இவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! என் பங்கையும் சேர்த்து.

மார்ச் 17, திங்கள்

காலையில் போனவள் இருட்டின பிறகுதான் திரும்பினாள். தலையெல்லாம் கோழி இறகு, சட்டையில் மஞ்சள் கரு. நேராக என்னிடம் வந்தாள். என்னிடமே!

“மாமா, சென்னிமலை மாமா பேசினாருங்க.”

நடந்தது இது. கூண்டு வரிசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் இவள். முட்டையை எடுப்பது, அட்டையில் அடுக்குவது, அடுத்த கூண்டு. இவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க மூச்சும் இல்லையாம். பாதி வரிசை போன பிறகு, முட்டையைப் பார்த்துக்கொண்டே அவன் தானாக ஆரம்பித்தானாம். கரண்ட் போன அந்த மத்தியானம், ஜெனரேட்டரை உதைத்து உதைத்துக் கால் வீங்கியது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஷெட்டின் அந்தப் பாதிக்கே போகாமல் வீட்டுக்காரியை அனுப்பியது. அப்புறம் ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து, வேறு வழியில்லாமல் இவனே போய், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தது.

“என் மூஞ்சியை ஒருக்காக்கூடப் பாக்கலீங்க. கை ஓடிக்கிட்டே இருந்துச்சு, வாய் அதுபாட்டுக்குப் பேசுச்சு. நாற்காலி போட்டு எதிருல உக்காந்ததுதான் என்ற தப்பு.”

“பதிவு பண்ணுனியா?”

“கருவி பையிலயே இருந்துச்சு. முடிச்சப்புறம் கேட்டேன், இதை எழுதிக்கட்டுங்களான்னு. ‘எழுதிக்க சாமி, ஆனா நல்லா எழுது’ன்னாரு.”

நாற்பது வருஷக் கூட்டாளி நான். என்னிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை, திருட்டுப் பயல். நானும் அவனிடம்... சரி, அது எதற்கு.

மார்ச் 22, சனி

எருமப்பட்டியில் இப்போது முட்டை பொறுக்கச் சம்பளமில்லாத டாக்டர் ஒருத்தி இருக்கிறாள். ஒரு நாள் ரங்கன் ஷெட். ஒரு நாள் மாதேஷுடன் மக்காச்சோள மூட்டை இறக்கினாள். அவள் கைபட்டதும் கோழிகள் இரட்டைக் கரு போடுகின்றன என்று பஸ்ஸில் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். நாமக்கல் போவதற்குள் அது மூன்று கருவாகிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

இன்று குழு கூடிய நாள். காலையிலிருந்து நான் நகத்தைக் கடித்ததில் விரல் பாதியாகிவிட்டது. மத்தியானம் சேலத்திலிருந்து மைதிலியின் போன்.

கெட்டுப்போன பேட்டிகளை அவள் மறைக்கவில்லை. எப்படிக் கெட்டது, யாரால் கெட்டது, அதற்குப் பிறகு எப்படி வழி கிடைத்தது, எல்லாவற்றையும் குழு முன்னால் வைத்திருக்கிறாள். குழுவில் ஒருவர் இது ஆராய்ச்சியா கூத்தா என்று கேட்டாராம். பேராசிரியை சண்முகப்பிரியா எல்லாம் கேட்டுவிட்டு, “கெட்டுப்போன அந்த மூணு பேட்டியையும் தனியா எடுத்து வை. வேலையோட வேலையாப் பேசற முறையிலயே இன்னும் ஒரு வருஷம் செய்” என்றாராம்.

ஒரு வருஷம்! நான் போட்ட சத்தத்தில் ஷெட்டிலிருந்த கோழி எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிட்டன.

“என்னைப் பத்தி என்னன்னு எழுதியிருக்கே?”

“‘உள்ளூர் உதவியாளர் ஒருவர்’னு.”

“பேரு?”

“பேரு போடக் கூடாதுங்க மாமா.”

இவ்வளவு பெரிய அக்கிரமம் செய்தவனுக்குப் பேர்கூடக் கிடையாதா? என்ன படிப்பு இது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. ஷெட்டுக்குள் தண்ணீர்ப் புகை தூவும் ஃபாகர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டரை மூன்று தடவை. மைதிலி லீவுக்கு வந்தவள், சொல்லாமலே என் ஷெட்டில் அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்க வரிசையில் நின்றாள். கமலவேணி வரிசைக் கடைசியில்.

நான் வழக்கம்போல அளந்துகொண்டே போனேன். போன கோடையில் எங்கள் ஷெட்டில் அடித்த வெயிலில் முட்டை கூண்டிலேயே அவிந்தது, நாங்கள் உப்புப் போட்டுத் தின்றோம், இப்படி. மைதிலி சிரித்தாள். எதுவும் கேட்கவில்லை. கை முட்டையை எடுத்தது, வைத்தது, எடுத்தது.

விரிசல் விட்ட ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் பேசினது என்று தெரியவில்லை. நான்தான்.

“அந்தத் தீவனம் கலக்கறது... போன வருசம் நாந்தான் கண்ணு. ஷெட்டு மொத்தமும் காலி. அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு. கருக்கல்ல எந்திரிச்சு, மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூள்னு அளவெல்லாம் சரியாப் போட்டுக் கலந்துருவேன். அப்பறம் சும்மா நிப்பேன். உங்க அத்தைக்குத் தெரியாது.”

அந்தக் கோடியிலிருந்து கமலவேணி குரல் வந்தது. திரும்பக்கூட இல்லை.

“தெரியாம என்னங்க? நீங்க அக்கட்ட போனதும் அள்ளி மூட்டையில போட்டு நாந்தானே கட்டி வெப்பேன். புதுக் குஞ்சு வந்ததும் அதைத்தானுங்க போட்டோம்.”

கலந்த தீவனம் காணாமல் போவதை நான் அப்போது எலி என்று நினைத்தேன். அப்படியே விட்டும் விட்டேன்.

அட்டை நிறைந்தது, மைதிலி வேறு அட்டை எடுத்து வைத்தாள். அதையும் பாதி அடுக்கிவிட்டு, “எழுதிக்கட்டுங்களா மாமா?” என்றாள். எழுதிக்கொள்ளச் சொன்னேன். அத்தை சொன்னதையும் சேர்த்து.

இந்த டைரியில் யானை பொய். மூன்று கரு பொய். அவிந்த முட்டை பெரும் பொய். தீவனம் கலந்தது மட்டும் உண்மை.