பட்டியலில் முதலில் உன் மிஷின்

இன்று காலையும் திரையில் அதே வரிதான் வந்தது: "மாரிகுப்பம் மிஷின் பதில் தரவில்லை. காத்திருக்கிறேன்." மூன்று நிமிடம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, மச்சான். இன்னமும் நான் வேலையை ஆரம்பிக்கும்போதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் முதலில் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. யாரும் திறக்காததால், அப்புறம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் வாடகை மிஷினிடம் போகிறது. அந்த மூன்று நிமிடத்தில் உனக்கு ஊர்க் கதை ஒன்று சொல்லிவிடுவேன். ஒரு கதைக்குச் சரியான அளவு.

நாம் பார்த்த வேலையை இருபது வருஷமாக விளக்கியும் என் மனைவிக்குப் புரியவில்லை. "புரோகிராமைப் பொட்டலம் கட்டுறவரு" என்று சர்ச்சில் சொல்லி வைத்திருக்கிறாள். ஸ்வீட் பாக்ஸுக்கு என்னிடம் ரேட் கேட்டவர்கள் உண்டு. அவ்வளவு தப்பும் இல்லை. யாரோ எழுதிய புரோகிராமை வாங்கி, ஒரு மிஷினில் ஓட்டி, எல்லார் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவதுதான் நம் பிழைப்பு. எந்த மிஷினில் கட்டுவது என்பதுதான் நம் சண்டை.

பதினைந்து வருஷச் சண்டை. மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலேறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தால், பங்காருபேட்டை வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர்கள் அணி பிரிந்திருப்பார்கள். "கண்ணுக்குத் தெரியாத மிஷின்ல கட்டுனா, கோளாறு வந்தா எதைடா போய்த் தட்டுவே?" என்பாய். "உன் மிஷினத் தட்டுறதுக்கே தனியா ஒரு ஆள் போடணும்" என்பேன். அது உன் கட்டிலுக்கடியில் கிடந்தது. காற்றுக்காலத்தில், மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் பறந்து வந்து அதன் விசிறியை அடைத்துக்கொள்ளும். நீ ஷேவிங் பிரஷ்ஷை வைத்து, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது போலச் சுத்தம் செய்வாய். அதே பிரஷ்ஷில் நீ ஷேவும் பண்ணிக்கொள்கிறாய் என்று ஆபீஸில் கிளப்பிவிட்டது நான்தான். மன்னித்துவிடு. பாதி உண்மைதானே.

ஒருமுறை நீ கட்டிய பேக்கேஜ் உன் மிஷினைத் தவிர உலகத்தில் எங்கேயும் ஓடவில்லை. நீ என்றோ அதில் போட்டு மறந்த ஏதோ ஒரு ஃபைலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "என்கிட்ட ஓடுதே" என்றாய். "அப்போ கட்டிலையும் சேர்த்து கஸ்டமருக்கு அனுப்பு" என்றேன். ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் ரிலீஸ், கட்டியதையெல்லாம் கஸ்டமருக்கு அனுப்ப வேண்டிய நாள். அன்றைக்கென்று வாடகை மிஷின் படுத்துவிட்டது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, உன் கட்டிலடி மிஷின் ஏழு மணி நேரம் முனகி முனகி அத்தனையும் கட்டித் தந்தது. மறுநாள் ரயிலில் எனக்கும் சேர்த்து வடை வாங்கினாய். அதைவிடக் கேவலமாக என்னை யாரும் திட்டியதில்லை. அன்றுதான், எந்த மிஷினை முதலில் கேட்பது என்று கம்ப்யூட்டர் பார்க்கும் பட்டியலில் எழுதினோம்: முதலில் உன் மிஷின், அது பதில் தராவிட்டால் வெளி மிஷின்.

இப்போது நமக்குத் தலைமையாக பெங்களூரில் ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். "சார், அந்த மூணு நிமிஷம் ஏன் லேட்டாகுதுன்னு பாத்தீங்களா?" நெட்வொர்க் என்றேன். கரண்ட் என்றேன். போன வாரம் எலி என்றுகூடச் சொன்னேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது, மச்சான். அதுவும் தீர்ந்துகொண்டு வருகிறது. இன்று அவள் குரலில் மரியாதை மட்டும்தான் மிச்சம்: "சார், சாயங்காலத்துக்குள்ள அந்த மிஷின் பதில் சொல்லணும். இல்லன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க."

தூக்கி வந்து என் வீட்டில் வைத்து ஓட்டினால் உன் பேர் பிழைக்கும் என்றுதான் உன் வீட்டுக்கு வந்தேன். மிஷின் இப்போது கட்டிலுக்கு வெளியே, மூலையில். மேலே துணி மடித்து வைத்திருந்தாள் உன் மனைவி.

"எடுத்துனு போங்கண்ணா. ஓடுமான்னு தெர்ல. அவருதான் ஆஃப் பண்ணாரு."

"இன்னாம்மா சொல்றே? நீ ஆஃப் பண்ணலையா?"

"நானா? தொட விடுவாரா அவரு? ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கு அவரே வயர உருவிட்டாரு. 'அவன் சொன்னதுதான் சரி, இனிமே வெளியவே கட்டிக்கட்டும்'னாரு. அண்ணன்கிட்ட சொல்றதுதானேன்னேன். 'சொன்னா அவன கையில பிடிக்க முடியாதுடி. லிஸ்ட்ல இருந்து பேர அவனே எடுக்கட்டும், பதினஞ்சு வருஷமா அதுக்குத்தானே துடிக்கிறான்'னு சிரிச்சாரு."

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். எட்டு மாதமாக, எனக்கே தெரியாமல். ஜெயித்தவன் உன் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். மிஷினைத் தூக்கவில்லை. அந்தத் துணிக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

மதியம் பட்டியலிலிருந்து உன் வரியை எடுத்தேன். ஒரே ஒரு வரி. அதற்கு மூன்று தடவை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஒரு பேக்கேஜ் கட்டப் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தேன்: நம் ஊர் பாலகாட் சர்ச்சில் பாட்டுக்குழு இரண்டாக உடைந்தது தெரியுமா, காரணம் ஒரு ஆர்மோனியம்...

'காத்திருக்கிறேன்' என்ற வரி வரவே இல்லை; பேக்கேஜ் கட்டி முடிந்துவிட்டது. நான் இன்னும் ஆர்மோனியத்திலேயே நிற்கிறேன்.